வேர்க்குருப் புண்ணை நாய் நக்கினால் ஊசி போட வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. காவலுக்கு நான்கு நாய்கள். அதில் ஒன்று இரண்டு மாதக் குட்டி. எதற்கும் தடுப்பூசி போட்டதில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து என் 9 வயது மகன் சட்டை கூடப் போடாமல் நாய்களோடுதான் கிடக்கிறான். முதுகெல்லாம் வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. நாய்கள் அதை நக்குகின்றன. நேற்று மதியம் பெரிய நாய் எச்சில் ஒழுகத் தண்ணீர்த் தொட்டியோரச் சேற்றில் படுத்திருந்தது. இவன் போய்க் காலைப் பிடித்து இழுக்க, சீறி மணிக்கட்டைக் கவ்விவிட்டது. தோல் உரிந்திருக்கிறது, ரத்தம் வரவில்லை. மாமியார் சுண்ணாம்பு வைத்தார். சாயங்காலம் நாய் நன்றாகத் தண்ணீர் குடித்தது. "வெறி பிடிச்ச நாய் தண்ணி குடிக்காது, பயப்படாதே" என்கிறார்கள். ஊசி போட வேண்டுமா? தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்றால் பையன் தாங்குவானா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஊசி போட வேண்டும் அம்மா. புண்ணைக் கழுவுவது பற்றிச் சொல்லும் இடம் வரை படித்துவிட்டு உடனே பையனை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள், மற்றதைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.

நீங்கள் மணிக்கட்டை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் முதுகைப் பற்றித்தான். ரேபிஸ் என்ற வெறிநோயின் கிருமி நோய் வந்த நாயின் எச்சிலில் இருக்கிறது. அது உள்ளே போகப் பல் பதிய வேண்டும் என்பதில்லை, தோல் திறந்திருந்தால் போதும். நல்ல தோலை நாய் நக்கினால் கழுவிவிட்டு விட்டுவிடலாம். சொறிந்து புண்ணான வேர்க்குருவை நக்கினால், ரத்தம் வரக் கடித்ததற்குச் சமமாக, நாய்க்கடியைப் பிரிக்கும் மூன்று வகைகளில் மிகக் கடுமையான மூன்றாம் வகை என்று கணக்கு. ரத்தம் வராத சிராய்ப்பு இரண்டாம் வகை. மணிக்கட்டு எந்த வகை என்று சந்தேகம் வந்தால் நான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை லேசாக வைத்துப் பார்ப்பேன். பையன் "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டால் தோல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மருத்துவமனையில் கவ்வியதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சட்டையைக் கழற்றி முதுகையும் காட்டுங்கள். நாய் கவ்வியது என்றால் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. சுண்ணாம்பைக் கழுவி எடுங்கள். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துக் கால் மணி நேரம். துணி சோப்பானாலும் பரவாயில்லை. ஒரு நாள் கழிந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். முதுகுப் புண்ணையும் அழுத்தித் தேய்க்காமல் இதே போலக் கழுவுங்கள். ரேபிஸ் கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மஞ்சள், காபித் தூள் என்று எத்தனையோ அப்பிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். இவை புண்ணைப் பொசுக்குமே தவிரக் கிருமியைத் தொடாது. மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் காலத்தில் கையில் கிடைத்தது அதுதான்.

தொப்புள் ஊசி பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து 2005-க்குப் பிறகு நம் நாட்டில் புழக்கத்திலேயே இல்லை. இப்போது இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் 4 முறை: முதல் நாளைப் பூஜ்யம் என்று வைத்து 0, 3, 7, 28-ஆம் நாட்களில். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூன்றாம் வகை என்று முடிவானால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைப் புண்ணைச் சுற்றியே செலுத்துவார்கள். அங்கே இல்லையென்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாள் பிடிக்கும். அதுவரை காப்பது இந்த மருந்துதான். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். 1885-ல் விஞ்ஞானி லூயி பாஸ்டர் உருவாக்கிய ரேபிஸ் தடுப்பு மருந்தைப் போட்டுக்கொண்ட ஜோசப் மைஸ்டர் என்ற பையனுக்கும் 9 வயதுதான். அவன் தாங்கினான், உங்கள் மகனும் தாங்குவான்.

இனி நாய். மதியம் எச்சில் ஒழுகியது பெரும்பாலும் வெயிலால்தான் இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். கத்திரி வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், ஈரச் சேற்றைத் தேடி வயிற்றை வைத்துப் படுக்கும். அப்படிப் படுத்திருக்கிற நாயின் காலைப் பிடித்து இழுத்தால் எவ்வளவு பழகிய நாயும் சீறும். அதன் மேல் குற்றமில்லை.

ஆனால் "தண்ணீர் குடித்தது, அதனால் வெறியில்லை" என்பதை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு நடுங்குவது ரேபிஸ் வந்த மனிதர். வெறி பிடித்த நாய் ஆரம்பத்தில் நன்றாகவே குடிக்கும். பிறகு தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் போகும். குரைக்காமல் கடிக்காமல் மூலையில் முடங்குகிற ஊமை வெறியும் உண்டு. தாடை தொங்கி எச்சில் வடிவதைப் பார்த்து, எலும்பு சிக்கியிருக்கும் என்று நாயின் வாய்க்குள் கையை விட்டவர்களுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன்.

அதனால் நாயின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அடித்துக் கொல்லவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். நான்கையும் நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, 10 நாள் கவனியுங்கள். 10 நாளும் நன்றாக இருந்தால் கவ்விய அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று உறுதியாகும். மீதி ஊசியைப் பற்றி மருத்துவர் அப்போது முடிவு செய்வார். அதற்காக 10 நாள் பொறுத்திருந்து ஊசியைத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்தில் என்றாலும், யாருக்கு எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தலைகாட்டிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

குட்டிதானே என்றும் விடாதீர்கள், குட்டிக்கும் ரேபிஸ் வரும். 10 நாள் முடிந்ததும் பெரிய நாய்கள் மூன்றையும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போடுங்கள், குட்டிக்கு 3 மாதம் ஆனதும். பிறகு வருடா வருடம்.

வேர்க்குருவுக்குப் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. இரண்டு வேளை குளியல், தொளதொளவென்று பருத்திச் சட்டை, நகத்தை ஒட்ட வெட்டுதல். நுங்குத் தண்ணீர் தடவுவதில் தவறில்லை, புண்ணான இடத்தில் மட்டும் வேண்டாம்.

28-ஆம் நாள் ஊசி வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பெங்களூரா மாங்காய் அறுவடையும் சூடுபிடித்திருக்கும். அந்தக் கடைசி ஊசியைத்தான் பலர் மறக்கிறார்கள். ஊசிச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.