மாத்திரை இருக்கட்டும், மாதவிடாய் எங்கே?

ஓட்டப் பந்தய வீராங்கனையான நீங்கள், இரும்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். உடல் ஏற்காத இரும்பு அப்படித்தான் வெளியேறும், விடுங்கள். தார் போல ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இந்த மாத்திரையால் ஊக்கமருந்து சோதனையில் சிக்குவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இரும்பு தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட தோழியைப் பார்த்து நீங்களும் ஏற்றிக்கொள்ள நினைக்காதீர்கள். மருத்துவமனைச் சிகிச்சையாக இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினால் அது விதிமீறல். அப்புறம், இரும்பு தேங்கிக் கல்லீரல் கெடும் என்று சொன்ன யூடியூப் வீடியோ. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உங்களுக்கு 11. கையிருப்பே காலி, தேங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நான் இரண்டு முறை படித்தது உங்கள் கடைசி வரியைத்தான்: நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, போட்டி நேரத்தில் அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது. 20 வயதில், பத்தாயிரம் மீட்டர் ஓடும் பெண்ணுக்கு இது வசதி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதவிடாயில் மாதம் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகும். அது நின்றும் கையிருப்பு ஏறவில்லை, ஹீமோகுளோபின் 11.4-இல் நிற்கிறது என்றால், உள்ளே வருவதே போதவில்லை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்களே! ஓடவே எரிபொருள் பற்றாதபோது உடல் முதலில் சினைப்பையின் வேலையை நிறுத்தும். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும். அடுத்த அடி எலும்புக்கு.

இந்த வாரமே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனையில்தான் தொடங்குவார், கோபித்துக்கொள்ள வேண்டாம்; தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் சோதனை எல்லாம் அதன் பிறகு. மருந்துக் கடையில் பீரியட்ஸ் வரவழைக்கும் மாத்திரை வாங்கிப் போட்டு 'சரியாகிவிட்டது' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ரத்தம் வந்தாலும் எலும்பு தேறாது.

இரும்பு மாத்திரைக்கு வருவோம். நீங்களாகவே தினம் இரண்டு போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டது போதும். ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளுக்கு இரும்பை உறிஞ்சும் குடலின் கதவைச் சாத்தும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று போதும். கடுமையான ஓட்டத்துக்குச் சில மணி நேரம் கழித்தும் இதே ஹார்மோன் ஏறுவதால், காலை ஓட்டத்துக்கு முன்போ முடித்த கையோடோ எலுமிச்சைச் சாற்றுடன் போடுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி. பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர அதில் இரும்பு சொற்பம். அசைவம் சாப்பிடுபவர் என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வறுத்துச் சாப்பிடுங்கள், பாட்டிமார் சொன்னது இதில் சரிதான். எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் நேரத்தில் வேண்டாம், ஃபெரிட்டின் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும்.

ஓட்டத்தை விடச் சொல்வேனோ என்றுதானே இவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்டீர்கள்? சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குங்கள், பயிற்சியாளரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்கும்வரை ஓடக் கூடாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாலும்தான்.