மொழி நன்றாக இருந்தும் வேலை ஏன் நகர்வதில்லை?

புரோகிராமிங் மொழியின் அழகு முதல் வாரத்தோடு சரி. பிறகு நேரத்தைத் தின்பது பேக்கேஜ் மேனேஜர் (பிறர் எழுதிய கோடை இறக்கித் தரும் கருவி), டிபக்கர் (பிழை தேடும் கருவி), எடிட்டர் ஆதரவு போன்றவைதான்.

ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் மேனேஜர் கார்கோ. 'கார்கோ பில்டு' என்று அடித்தால், பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் (lock) கோப்பில் பதிந்த அதே பேக்கேஜ் பதிப்புகள் இறங்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் மொழியோடு வரும் அப்படியொரு கருவி இல்லை. கோடின் துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்க்கர் ஏன் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (பெயர் இருக்கிறது, அதற்கான கோட் கிடைக்கவில்லை) என்கிறது என்று தேடியே அரை நாள் போய்விடும். பெரும்பாலும் லைப்ரரியை, அதாவது நாம் பயன்படுத்தும் தயார்நிலைக் கோட் தொகுப்பை, இணைக்க மறந்திருப்போம். இல்லையென்றால் புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடும் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை லிங்க்கருக்குக் கொடுத்த வரிசை தப்பியிருக்கும். லினக்ஸில், இன்னொன்றைப் பயன்படுத்தும் லைப்ரரி முன்னால், அதற்குத் தேவையான அந்த இன்னொன்று பின்னால் வர வேண்டும்.

எடிட்டர் ஆதரவு இப்போது பெரிய தலைவலி இல்லை. எந்த எடிட்டரும் எந்த மொழியின் உதவிக் கருவியோடும் பேச வழிசெய்யும் பொது விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் 2016-இல் வந்தது; அது சிறிய மொழிகளுக்கும் கைகொடுக்கிறது.

பேக்கேஜ்கள் குவிந்துகிடப்பதிலும் ஆபத்து உண்டு. அதே 2016-இல் ஜாவாஸ்கிரிப்ட்டின் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜ் நீக்கப்பட்டதும், அதன் பெயரையே கேள்விப்படாதவர்களின் பில்டுகளும் உடைந்தன; அவர்கள் பயன்படுத்திய மற்ற பேக்கேஜ்கள் அதைச் சார்ந்திருந்தன.

புது மொழியை எடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள்: அந்த மொழியிலிருந்து உங்கள் டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் கடைசியாக எப்போது வெளியானது? ஓடும் புரோகிராமை நீங்கள் குறித்த வரியில், அதாவது பிரேக்பாயின்ட்டில், நிறுத்தி வேரியபிளின் மதிப்பைப் பார்க்க முடிகிறதா? டிரைவரை நீங்களே எழுத வேண்டிவந்தால், மொழி மிச்சப்படுத்தும் நேரமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.