கருகிய வயரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். என் 650 சிசி அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிளுக்கு ரேலி ஃபேரிங் (முன்பக்க உறை), இரட்டை எல்இடி முகப்பு விளக்கு, ஜிபிஎஸ் ஆகியவற்றைப் பொருத்த, அப்பாவின் நண்பருடைய பட்டறைக்கு 6,800 ரிங்கிட் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் கேமரன் மலைக்குப் போகும் வழியில் ஃபேரிங்குக்குள் வயர் கருகிப் புகைந்தது. கேட்கப் போன என்னை அவர் கோயில் திருவிழாவில் எல்லார் முன்னும் ஏசினார். ஈப்போவில் வயரிங் முழுவதையும் மாற்றிக்கொண்டு, 20,000 ரிங்கிட் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: திருவிழாவில் நடந்ததும் அப்பாவின் நட்பும் இந்த வழக்கில் ஒரு காசு பெறாது. பட்டறைக்காரருக்குப் பழுதைச் சரிசெய்ய எழுத்து மூலம் வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதே கேள்வி. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சரிசெய்யக்கூடிய குறையை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யுமாறு முதலில் அவரிடமே கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோதான் வேறிடத்தில் செய்து, நியாயமான செலவை அவரிடமிருந்து கோரலாம். நேரில் போய் வாய்ச்சண்டை போட்டது கோரிக்கை ஆகாது.

ஈப்போவுக்கு வண்டியைக் கொண்டுபோகும் அவசரம்தான் என்னை அச்சுறுத்துகிறது. புதிய மெக்கானிக் கருகிய வயரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட, வெறும் பில்லோடு என்னிடம் வந்து நின்ற கட்சிக்காரர்கள் பலர். எதிர்த்தரப்பு, நீங்களே பிறகு ஒரு சார்ஜரை இணைத்தீர்கள் என்றோ மழைநீர் புகுந்தது என்றோ சொல்லும். அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இராது. வயரின் தடிமனுக்குப் பொருந்தாத பெரிய ஃபியூஸைப் போட்டிருந்தால், ஃபியூஸ் அறுந்துபோகும் முன்பே வயர் கருகிவிடும். அந்த ஃபியூஸும், கருகிய துண்டும், அது எங்கிருந்து மின்சாரம் எடுத்தது என்பதைக் காட்டும் படங்களும்தான் உங்கள் வழக்கு. எனவே எதையும் கழற்றும் முன் படம் எடுத்து, தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் எழுத்து மூலமான அறிக்கை வாங்கி, கழற்றிய பாகங்களைப் பையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். அங்கே பொதுவாக வழக்கறிஞருக்கு இடமில்லை என்பதால், எனக்கு வருமானமில்லாத ஆலோசனை இது. ஆனால் 20,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். கொடுத்த பணம், பாகங்களின் விலை, நியாயமான பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றுக்கு மேல் காட்ட உங்களிடம் கணக்கு இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ஒப்புதல் இல்லாமல் முகப்பு விளக்கை மாற்றியிருந்தால், மன்றத்தில் உங்கள் வாயாலேயே அதைச் சொல்லப் போகிறீர்கள். காப்புறுதியைப் புதுப்பித்தபோது வண்டியில் மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று பதிலளித்திருந்தால் அதுவும் வெளியே வரும். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி, தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் எடுப்பது உங்கள் கடமை.

ஆகவே சமரசம் செய்யுங்கள். 14 நாள் அவகாசத்துடன் ஒரு கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, வயரிங் வேலைக்குப் பெற்ற கூலியையும் கருகிய பாகங்களின் விலையையும் மட்டும் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், இருவரும் கையெழுத்திட்ட பிறகே வண்டியை ஈப்போவுக்கு ஏற்றுங்கள். அதுவரை பட்டறையின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் ஒரு வரியும் எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் கோரிக்கையைவிடப் பெரிதாகிவிடும்.