சினிமா கேள்வி பதில்

கேள்வி: 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் வுமன் என்று எல்லோரும் இருந்தும் ஏன் எடுபடவில்லை? சூப்பர்மேனின் மீசைதான் காரணமாமே?
– வாசகர், உவர்மலை

பதில்: மீசை பாவம், விட்டுவிடுங்கள். ஹென்றி காவில் அப்போது வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார். மழிக்க அனுமதி கிடைக்காததால், மறுபடி எடுத்த காட்சிகளில் அதைக் கணினியில் அழித்தார்கள். மேலுதடு மாவில் பிடித்து ஒட்டியதுபோல் இருப்பது அதனால்தான்.

படத்தைக் கெடுத்தது கத்தரி. இயக்குநர் சாக் ஸ்னைடர் இடையில் விலக, பொறுப்பேற்ற ஜோஸ் வீடன் நிறையக் காட்சிகளைப் புதிதாக எடுத்தார். நீளமும் 2 மணித்தியாலமாகச் சுருங்கியது. வெட்டுப்பட்டதில் கதையின் காரணகாரியமும் போய்விட்டது.

ஒரே கட்டத்தை இரு பதிப்பிலும் பாருங்கள். 2017இல், உயிர்த்தெழுந்த சூப்பர்மேனோடு மல்லுக்கட்டும் நேரத்தில், உலகையே அழிக்கவல்ல பெட்டியைக் கவனிப்பாரில்லாமல் விட்டுவிடுகிறார்கள். வில்லன் எடுத்துப்போகிறான், அதைக்கூட நமக்குக் காட்டவில்லை! 2021இல் வந்த 4 மணித்தியால ஸ்னைடர் பதிப்பில் பெட்டி ஆய்வுகூடத்தில் இருக்கிறது. வீரர்களில் ஒருவனான சைபோர்க்கின் தகப்பன் அதை லேசரால் பழுக்கச் சூடேற்றிவிட்டு, மகன் பார்த்துக்கொண்டிருக்கச் சாகிறார். அந்தச் சூட்டை வைத்தே வில்லனின் இருப்பிடம் பிடிபடுகிறது. இழப்பும் துப்பும் ஒரே காட்சியில். வீரன் தோற்றால் எதையாவது பறிகொடுக்க வேண்டும். முதல் பதிப்பில் யாருக்கும் எதுவும் போகவில்லை.

அதற்காக 4 மணித்தியாலமும் தேவைதான் என்று சொல்லமாட்டேன். ஸ்லோமோஷனைக் குறைத்தாலே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

கேள்வி: டச்பே கடற்கரையில் சூப்பர் ஹீரோ குறும்படம் எடுக்கிறோம். மேலங்கி பறக்காமல் உடம்பில் சுற்றிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருகோணமலை

பதில்: வீரனைக் கடலைப் பார்க்க நிறுத்தியிருப்பீர்கள். கச்சான் எனும் மேல்காற்று வீசும் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால், முதுகில் பட்டுத் துணியை முன்னே தள்ளும். அவரை ஊர்ப்பக்கம் திருப்புங்கள். துணி கடல்பக்கம் பறக்கும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு எடுத்தால் மேற்கு வெயில் முகத்திலும் விழும். காலையில் இதே கோணத்தில் எடுத்தால் முகம் இருண்டுவிடும்.

மெல்லிய சாட்டின் துணியானால் கீழ்க்கரையை மடித்து, சாண் இடைவெளியில் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்துத் தையுங்கள். கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள், இறுக்கிவிடும். இரு தோளிலும் ஊசி குத்தினால் போதும். கமராவை முழங்காலுக்குக் கீழே வையுங்கள். வசனத்தை அங்கே பதியவேண்டாம், காற்றிரைச்சல்தான் மிஞ்சும். அறைக்குள் பிறகு பேசிச் சேருங்கள்.