‘கம் எ க்ரொப்பர்’ என்றால் என்ன?

கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு அணி ‘கேம் எ க்ரொப்பர்’ (came a cropper; ‘கம்’ என்பதன் இறந்தகாலம் ‘கேம்’) என்று எழுதியிருந்தால், அதற்கு என்ன பொருள்?

தடாலென்று விழுவதுதான் முதல் பொருள். அப்புறம், நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியம் திடீரெனக் கவிழ்வதற்கும் சொல்லத் தொடங்கினார்கள். நம்முடைய ‘மண்ணைக் கவ்வினான்’ கிட்டத்தட்ட இதேதான்.

இது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குதிரையேறி வேட்டைக்குப் போனவர்களிடமிருந்து வந்த பேச்சு. வேலி தாண்டும்போது குதிரை தடுக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். ‘அடியோடு, முழுசாக’ என்ற பொருளில் அதற்கு முன்பே ‘நெக் அன்ட் க்ரொப்’ என்றொரு தொடர் இருந்தது. ‘க்ரொப்பர்’ அதிலிருந்து பிறந்திருக்கலாம் என்பதே பொதுவான விளக்கம்.

மழை விட்ட கையோடு வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் ஒரு பையன் சைக்கிளை வேகமாக மிதித்து வருகிறான் என்று வையுங்கள். ஈரமான வாய்க்கால் மூடியில் முன்சில்லு சறுக்குகிறது. முழங்கையில் சிராய்ப்பு, வாங்கி வந்த பாண் தண்ணீரில். பெரிய காயமில்லை, ஆனால் ஒழுங்கையே பார்த்துவிட்டது. அதுதான் க்ரொப்பர். மாதிரிப் பரீட்சையில் முதலாவதாக வந்தவன் உண்மைப் பரீட்சையில் கோட்டை விட்டாலும் இதையே சொல்லலாம். வேகமோ நம்பிக்கையோ இருந்த இடத்தில்தான் இந்தத் தொடர் அழகாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

‘க்ரொப்’ என்றால் பயிர்தானே, அப்படியானால் விளைச்சல் பொய்த்ததைச் சொல்கிறது என்று நினைக்கத் தோன்றும். இந்தத் தொடருக்கும் வயலுக்கும் சம்பந்தமே இல்லை.