110 கே.வி. வந்தால் ஜெனரேட்டரை விற்றுவிடலாமா?

திருவாரூர் மாவட்டத்தில் அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் ஊர் 33 கே.வி. துணைமின் நிலையத்தை 110 கே.வி.யாகத் தரம் உயர்த்துகிறார்கள். இனி கரண்ட் போகாதா? ஜெனரேட்டரை விற்றுவிடலாமா?"

இப்போதைக்கு விற்காதீர்கள். (கே.வி. என்றால் கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட்.) லோ வோல்டேஜ் தொல்லை பெரும்பாலும் தீரும், மின்தடை ஓரளவுதான் குறையும்.

துணைமின் நிலையத்துக்கு அதே அளவு மின்சாரத்தை 33க்குப் பதில் 110 கே.வி.யில் கொண்டுவந்தால், கம்பியில் ஓடும் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அதே கம்பியில் இழப்பு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். வழியில் விழும் வோல்டேஜும் குறையும். சாயங்காலம் ஊரே விளக்கும் ஃபேனும் போடும்போது உங்கள் மோட்டார் முனகுவது நிற்கும். கோடையில் லோடு தாங்காமல் கம்பி சூடாகித் தொய்ந்து, மரக்கிளையில் பட்டு லைன் டிரிப் ஆவதும் குறையும்.

ஆனால் துணைமின் நிலையத்திலிருந்து உங்கள் ஆலைவரை வருவது பழைய 11 கே.வி. லைன்தானே? அதன்மேல் தென்னை மட்டை விழுந்தால், பின்னால் 110 இருந்தாலும் கரண்ட் போகத்தான் செய்யும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது உங்களுக்குத் தெரியாததல்ல.

அதனால் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் நேரத்தோடு குறித்து வையுங்கள். பக்கத்து ஊர்களும் சேர்ந்து இருண்டால் கோளாறு மேலே இருக்கிறது, அதை இந்த வேலை சரிசெய்யலாம். உங்கள் தெரு மட்டும் என்றாலோ, ஒரு ஃபேஸ் மட்டும் போனாலோ, பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் ஃப்யூஸோ பக்கத்து லைனோதான் காரணம். ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் எரியும், அப்போது மோட்டாரைத் தானாக நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் கட்டாயம் வேண்டும்.

உதவிப் பொறியாளரைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்: 110 கே.வி. ஒரே பக்கமிருந்து வருகிறதா, இரண்டு பக்கமிருந்தா? கே.வி. எண்ணைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் தாங்க வேண்டும். ஒரே கோபுரத்தில் இரண்டு சர்க்யூட் (தனித்தனி லைன்கள்) ஓடுவது இதற்கு ஈடாகாது, கோபுரம் சாய்ந்தால் இரண்டும் போய்விடும்.

அப்புறம், புது லைனில் மின்சாரம் விட்டதும் சில நாள் ராத்திரியில் வோல்டேஜ் பாருங்கள். ஒரு ஃபேஸில் 250ஐத் தாண்டினால் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள்.