லாரித் தண்ணீர் யார் கணக்கில்?

கேள்வி: எரிமலையாலும் சூரியனாலும் பூமியின் தட்பவெப்பம் காலந்தோறும் மாறி வந்ததுதானே, மனிதனைக் குற்றம் சொல்வது சரியா? 2024 கோடையில் எங்கள் குடியிருப்பு லாரித் தண்ணீருக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தை யார் கணக்கில் எழுதுவது?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: மாறி வந்தது உண்மைதான். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறியதால் பனியுகங்கள் வந்து போயின. ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஏறிய சூட்டை அந்த ஆமை வேகத்தின் தலையில் கட்ட முடியாது. எரிமலையோ பெரும்பாலும் குளிரவே வைக்கிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது மேலே பரவிய கந்தகத் துகள்கள் வெயிலை மறித்து, உலகச் சராசரி வெப்பநிலையைச் சுமார் அரை டிகிரி குறைத்தன; ஓரிரு ஆண்டுகளில் அதுவும் தணிந்துவிட்டது. 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்து வரும் சூரிய ஒளி, ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர, மொத்தத்தில் கூடவில்லை. மேலும், சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். ஆனால் கீழே சூடேற, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் அந்த மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், வழக்கை முடிக்க இந்த ஒரு சாட்சியே போதும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டியிருப்பது, முக்கியமாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் விளைவு.

உங்கள் லாரிக் கணக்கு இவ்வளவு நேரானது அல்ல. 2023இல் கர்நாடகத்தில் பருவமழை பொய்த்ததில் பசிபிக் கடலில் தானாக வந்து போகும் எல் நினோ என்ற கடல்நீர்ச் சூடேற்றத்துக்குப் பங்குண்டு. ஆனால் ஒரே ஒரு மழைக்காலம் தவறியதும் போர்வெல்கள் காற்றை இறைத்ததற்கு, ஏரிகளைத் தூர்த்து மனை போட்டதும், மழைநீர் மண்ணில் இறங்க இடமின்றி சிமென்ட் பூசியதுமே பெரிய காரணம். அதைக் காலநிலை மாற்றத்தின் மேல் போட்டுவிட்டு நழுவும் நிர்வாகிகளை நான் ஏற்கமாட்டேன். காவிரியோ சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலுள்ள இந்த மேட்டுக்கு, மின்சாரச் செலவில் ஏறி வருகிறது. 2024 மார்ச்சில் 12,000 லிட்டர் லாரிக்கு, 5 கிலோமீட்டருக்குள் என்றால், 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்ட வேண்டியதாயிற்று. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதமும் வந்தது. இதே நகரில் 2022 ஆகஸ்ட் 30 அன்று மழைவெள்ளத்தால் வெளிவட்டச் சாலை முடங்கியதில் 225 கோடி ரூபாய் நட்டம் என்று அங்குள்ள நிறுவனங்களின் சங்கம் முதல்வருக்கு எழுதியது. அடுக்ககத்தில் ஒரு லாரியின் விலையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளலாம். சம்ப் கட்ட இடமில்லாத சந்து வீட்டுக்காரர் குடம் குடமாகத்தான் வாங்க வேண்டும், அந்தச் செலவு எந்தச் சங்கத்தின் கடிதத்திலும் ஏறுவதில்லை.